கைபிரேக்குக்குள் ஒரு தராசு

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் சாலை முந்தலைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. போடிமெட்டை எட்டுவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத் தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் விடியலில் இந்த வழியாகத்தான் ஏறுகின்றன. சாயங்காலம் இதே வழியாக இறங்குகின்றன. நடுவில் யாரையாவது ஏற்ற வேண்டுமென்றால் டிரைவர் சரிவிலேயே வண்டியை நிறுத்தி, கைபிரேக்கை ஓர் இழு இழுக்கிறார். ஆட்களும் சாப்பாட்டுத் தூக்குகளும் நிறைந்த வண்டி அசையாமல் நிற்கிறது. ஒரு கை இழுத்த இழுப்பு அத்தனை பாரத்தையும் எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்று அதில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் ஒரு தடவையாவது தோன்றியிருக்கும்.

கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் விளையாடும் பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கக் கேள்வி ஒன்று உண்டு. மேசையில் ஸ்டியரிங் பொருத்தியாயிற்று. காலடியில் மூன்று பெடல்கள். லாஜிடெக் ஜி29 போன்ற பெயர்பெற்ற செட்டுகளில்கூடக் கைபிரேக் கிடையாது. ஸ்டியரிங்கில் உள்ள ஒரு பட்டனைத்தான் அதற்கு ஒதுக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் விளையாட்டுக் காரின் பின்சக்கரம் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் கார் சுழன்று எதிர்த்திசையில் நிற்கிறது, அல்லது திரும்பாமல் நேரே போய் மோதுகிறது. வேண்டிய அளவு மட்டும் திருப்ப முடிவதில்லை.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றே. அதைத் தேடிப் போனால், ஏலக்காய் வியாபாரியின் தராசு வழியாக, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு நல்ல கைபிரேக்கில் வந்து நிற்போம்.

ஒரு கையும் ஒரு வண்டியும்

முதலில் உண்மையான வண்டி. ஆட்களோடு சேர்த்து அதன் எடை 1,500 கிலோ என்று கொள்வோம். சாலை 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்கிறது. அப்படியானால் வண்டியைக் கீழ்நோக்கி உருட்டப் பார்க்கும் விசை, எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு: 150 கிலோ. இந்த அத்தியாயம் முழுவதும் விசையைக் கிலோவிலேயே சொல்கிறேன். 150 கிலோ விசை என்றால், 150 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தேவைப்படும் பலம்.

டிரைவரின் கை இழுப்பது 20 கிலோ அளவுக்குத்தான். ஆனால் கைப்பிடி லீவரின் அச்சிலிருந்து தள்ளி இருக்கிறது. கேபிள் மாட்டிய இடம் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த இடைவெளி வித்தியாசமே விசையைப் பல மடங்காக்குகிறது. பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் ஒரு சிறு லீவர் அதை இன்னொரு முறை பெருக்குகிறது. பிரேக் ஷூக்கள் டிரம்மின் உள்சுவரில் போய் அழுந்துகின்றன. உருள முயலும் டிரம், ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்துப் பிடியை மேலும் இறுக்கிக்கொள்கிறது. மிச்சத்தை உராய்வு பார்த்துக்கொள்கிறது.

விசை பெருகினால் தூரம் சுருங்கும். இது லீவரின் மாறாத விதி. கை ஒரு சாண் நகர்ந்தால், ஷூ நகர்வது மில்லிமீட்டர் கணக்கில். இழுக்கும்போது கேட்கும் ‘கிரிக் கிரிக்’ ஓசை ராட்செட்டுடையது: சாய்ந்த பற்கள் கொண்ட ஒரு துண்டும், பற்களுக்கு இடையில் விழும் ஒரு கொக்கியும். கையை எடுத்த பிறகும் இழுப்பு இளகாமல் காப்பது அதுதான்.

இந்த லீவரைக் கவனித்து இழுத்துப் பாருங்கள். ஷூ டிரம்மைத் தொடும் வரை அது லேசாக வரும். தொட்ட பின் லீவர் கொஞ்சமே நகரும். கையில் கனம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். வண்டியை நிறுத்தும் வலு முழுவதும் அந்தக் கனத்தில் இருக்கிறது. எவ்வளவு தூரம் இழுத்தோம் என்பது கைக்குச் சொல்வது கொஞ்சம். எவ்வளவு பலத்தோடு இழுத்தோம் என்பதே பிரேக்கின் மொழி. இந்த அத்தியாயத்தின் சாரம் இதுதான்.

பின்சக்கரம் பிடி விட்டால்

நிறுத்தி வைக்கும் கைபிரேக்கைப் பந்தயக்காரர்கள் ஏன் ஓடும் காரில் இழுக்கிறார்கள்?

டயர் தரையோடு கொள்ளும் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. உருண்டுகொண்டிருக்கும் டயர் அந்தப் பிடியைக் கொண்டு காரைப் பக்கவாட்டில் சறுக்காமல் காக்கிறது. பூட்டிக்கொண்ட டயர் உருளாது, தரையில் தேயும். அதன் பிடி முழுவதும் தேய்கிற திசைக்கு எதிராகச் செலவாகிவிடுகிறது; பக்கவாட்டில் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. முன்சக்கரங்கள் இன்னும் உருண்டுகொண்டு, ஸ்டியரிங் சொன்ன பக்கம் திரும்புகின்றன. பின்பகுதி மட்டும் வெளிப்பக்கம் வீசப்படுகிறது. கார் இருந்த இடத்திலேயே திரும்புகிறது. குறுகிய மண்சாலையில் கொண்டை ஊசி வளைவை வேகமாகக் கடக்க ரேலி ஓட்டுநர்கள் கையாளும் வழி இது.

இந்தியாவில் இந்தக் கலையில் முதல் வரிசையில் இருப்பவர் கௌரவ் கில். 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய பசிபிக் ரேலி சாம்பியன் பட்டம் வென்றவர். 2019-இல் அர்ஜுனா விருது பெற்றபோது, மோட்டார் பந்தயத்துறையில் அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவரே. ஆசிய பசிபிக் ரேலித் தொடரின் இந்தியச் சுற்று சிக்கமகளூரின் காபித் தோட்டச் சாலைகளில் நடந்திருக்கிறது. நம் ஏலமலையைத் தாங்கி நிற்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான் அங்கேயும்.

ரேலி காரின் கைபிரேக் நம் வண்டியில் இருப்பதிலிருந்து மூன்று விதத்தில் வேறுபட்டது. ஸ்டியரிங்குக்கு அருகே கைக்கு எட்டும்படி செங்குத்தாக நிற்கும். ராட்செட் கிடையாது, கையை விட்டால் உடனே பிடி விடும். கேபிளுக்குப் பதிலாகக் குழாயில் அடைபட்ட பிரேக் ஆயில் விசையைக் கொண்டுபோகும். ஆயில் அமுங்காது. அதனால் லீவரின் நகர்வு இன்னும் குறைவு. கனம் இன்னும் தெளிவு.

எவ்வளவு பலம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்துதான் கார் எத்தனை பாகை திரும்பும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பட்டனால் முடியாமல் போவது எது என்று இப்போது தெரிகிறது. பட்டனுக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு நிலைகளே உண்டு. இடைப்பட்ட பலத்தைச் சொல்ல அதற்கு வழியில்லை.

தூரத்தை அளப்பதா, விசையை அளப்பதா

வீட்டில் கைபிரேக் செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருப்பது அதுதான். லீவரின் அச்சில் அதைப் பொருத்தினால், லீவர் சாயும் கோணத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும். விலை குறைவு, வேலை சுலபம். பட்டனை விட எவ்வளவோ மேல். ஆனால் உள்ளே உரசும் பாகம் நாளடைவில் தேயும். அளவு குதிக்கத் தொடங்கும். அந்தக் குறையை, காந்தத்தின் நெருக்கத்தை உணரும் ஹால் சென்சார் தீர்க்கிறது. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவை வைத்து இயங்கும் அதில் எதுவும் எதையும் உரசுவதில்லை.

இரண்டுமே அளப்பது தூரத்தை. கைக்கு நினைவில் நிற்பதோ கனம். லீவரைச் சரியாக 7 சென்டிமீட்டர் இழு என்றால், விரைந்து ஓடும் பந்தயத்தில் எத்தனை பேரால் முடியும்? ‘நேற்று இழுத்த அதே பலத்தோடு இழு’ என்றால் கை செய்துவிடும். தசையும் தசைநாணும் தம்மேல் விழும் இழுவிசையை மூளைக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே லீவர் அதிகம் நகர வேண்டாம். அதன்மேல் விழும் விசையை அளந்தால் போதும்.

விசையை அளக்கும் கருவி போடியின் வியாபாரத் தெருக்களில் கடைக்குக் கடை இருக்கிறது.

ஏலக்காய் நிறுக்கும் தராசுக்குள்

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. மலையில் பறித்து உலர்த்திய காய், பருமன் பார்த்துப் பிரிக்கப்பட்டு, மூட்டையாக வந்து, எடை போடப்பட்டு, கை மாறுகிறது. எடை போடுவது எலக்ட்ரானிக் தராசு. அதன் தட்டைக் கழற்றினால் அடியில் விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியக் கட்டை தெரியும். நடுவில் துளை. ஒரு முனை அடித்தளத்தோடு முடுக்கப்பட்டிருக்கும். மறுமுனை தட்டைத் தாங்கும். அதிலிருந்து மெல்லிய கம்பிகள் நான்கு வெளிவரும். கடைக்காரர்கள் அதை லோட் செல் என்கிறார்கள். தமிழில் விசையுணரி எனலாம்.

பாரம் விழும்போது அந்தக் கட்டை வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவு அது. துளையை ஒட்டிக் கட்டை மெலிந்திருக்கும் இடங்களில் மெல்லிய உலோகத் தாள் கோடுகளை ஒட்டியிருப்பார்கள். இவை திரிபு அளவிகள். ஜவ்வு மிட்டாயை இழுத்தால் நீண்டு மெலிவதுபோல, கட்டை வளையும்போது அந்தக் கோடுகளும் நீண்டு மெலிகின்றன. நீண்டு மெலிந்த கம்பியில் மின்சாரம் ஓடுவது சற்றுக் கடினம். அதாவது மின்தடை கூடுகிறது. எவ்வளவு? 350 ஓம் தடையுள்ள ஓர் அளவியில், முழுப் பாரத்துக்கும் மாறுவது 1 ஓமுக்கும் குறைவு.

இவ்வளவு சிறிய மாற்றத்தைப் பிடிக்க நான்கு அளவிகளை ஒரு சதுரமாக இணைக்கிறார்கள். இரண்டு நீளும், இரண்டு சுருங்கும். பாரம் இல்லாதபோது சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் மின்னழுத்தம் சமம். பாரம் விழுந்ததும் சமநிலை குலைகிறது. அந்தக் குலைவை அளக்கிறோம். பள்ளியில் படித்த வீட்ஸ்டன் பாலம்தான் இது. 1833-இல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி உருவாக்கி, 1843-இல் சார்லஸ் வீட்ஸ்டன் பரவச் செய்தது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. போடியின் வெயிலிலும் மலைமேட்டின் குளிரிலும் நான்கு அளவிகளும் சேர்ந்தே சூடாகி, சேர்ந்தே குளிர்கின்றன. அதனால் வெப்பத்தால் வரும் மாற்றங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன.

திரிபு அளவி 1938-இல் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் தனித்தனியே பிறந்தது. எட்வர்ட் சிம்மன்ஸ் ஒருவர். மற்றவர் ஆர்தர் ரூஜ்; உயரத் தொட்டிகளை நிலநடுக்கம் எப்படி உலுக்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். தொட்டிக்காகச் செய்தது தராசுக்குள் வந்தது. இப்போது நம் கைபிரேக்குக்குள் வரப்போகிறது.

பத்துக் கிலோ இழுப்பின் பயணம்

இனி ஒரே ஓர் இழுப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பின்தொடர்வோம்.

வெல்டிங் பட்டறையில் ஓர் இரும்புப் பட்டையை லீவராகவும், இரண்டு தகடுகளைத் தாங்கியாகவும் அமைத்துக்கொள்கிறோம். லீவரின் அடியில் ஒரு போல்ட் அச்சாக இருக்கிறது. அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் கைப்பிடி. 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தண்டு. அது ரப்பர் புஷ் வழியாக லோட் செல்லின் ஒரு முனையை அழுத்துகிறது. லோட் செல்லின் மறுமுனை தாங்கியோடு அசையாமல் முடுக்கப்பட்டிருக்கிறது. லோட் செல்லின் கொள்ளளவு 50 கிலோ.

கை 10 கிலோ பலத்தோடு இழுக்கிறது. கைப்பிடி மூன்று மடங்கு தள்ளி இருப்பதால் தண்டின்மேல் விழுவது 30 கிலோ. லீவர் செய்யும் வேலை இத்துடன் முடிந்தது.

30 கிலோ விழுந்ததும் கட்டை வளைகிறது. பாலத்தின் சமநிலை குலைகிறது. பரவலாகக் கிடைக்கும் லோட் செல்கள் பலவற்றில், ஊட்டும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முழுப் பாரத்தில் 2 மில்லிவோல்ட் வெளிவரும். 5 வோல்ட் ஊட்டினால் 50 கிலோவுக்கு 10 மில்லிவோல்ட். நம் 30 கிலோவுக்கு 6 மில்லிவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியின் அழுத்தத்தில் இது 250-இல் ஒரு பங்கு.

இதைக் கம்ப்யூட்டர் அப்படியே படிக்க முடியாது. இடையில் எச்எக்ஸ்711 என்ற சிறு சிப் வேண்டும். தராசுகளுக்கென்றே வடிவமைத்த சிப் அது. 6 மில்லிவோல்ட்டை 128 மடங்காக்கி 768 மில்லிவோல்ட் ஆக்குகிறது. பிறகு அதை எண்ணாக மாற்றுகிறது. தான் அளக்கக்கூடிய எல்லையை அது 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பிரிக்கிறது. நம் இழுப்பு அதில் ஏறக்குறைய 25 லட்சம் படிகள். கடைசிச் சில படிகள் இரைச்சலில் தடுமாறும் என்றாலும், விளையாட்டுக்குத் தேவைப்படும் நுணுக்கத்தை விட இது பல மடங்கு அதிகம்.

அந்த எண்ணை வாங்கிக்கொள்வது ஆர்டுயினோ லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ என்ற சிறு பலகை. இந்த வகைப் பலகையைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. யுஎஸ்பி கேபிளில் செருகினால், தன்னை ஒரு ஜாய்ஸ்டிக் என்று கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும் திறன் இதன் சிப்பிலேயே இருக்கிறது. பரவலான ஊனோ ஆர்3 பலகையால் அதை நேரடியாகச் செய்ய முடியாது.

பலகையில் எழுதும் நிரல் மூன்று வேலைகள் செய்ய வேண்டும். முதலாவது, இயங்கத் தொடங்கும்போது கை வைக்காத நிலையின் அளவைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வது. கடைக்காரர் காலிப் பாத்திரத்தைத் தட்டில் வைத்து ‘டேர்’ பொத்தானை அழுத்துவதும் இதே வேலைதான். இரண்டாவது, கை சும்மா ஓய்ந்திருக்கும் கனத்தை, அரைக் கிலோ அளவுக்கு, கணக்கில் எடுக்காமல் விடுவது. மூன்றாவது, முழு இழுப்பு எது என்று நிர்ணயிப்பது. 15 கிலோவை முழு இழுப்பு என்று வைத்து, 0 முதல் 1,023 வரை அளவுகோலைப் பிரித்தால், நம் 10 கிலோ இழுப்பு மூன்றில் இரண்டு பங்கு: 682. டர்ட் ரேலி 2.0 போன்ற விளையாட்டுக்குப் போய்ச் சேர்வது இந்த எண். கார் மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடு பின்சக்கரத்தைப் பிடிக்கிறது.

பட்டன் சொன்னது இரண்டே நிலைகள். இப்போது 1,024 நிலைகள். ஒவ்வொன்றும் கையின் கனத்தோடு கட்டப்பட்டது.

நொடிக்கு எத்தனை முறை

ஏலக்காய் மூட்டை தராசில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், தராசுக்கு அவசரமில்லை. பந்தயக்காரருக்கு அவசரம் உண்டு. எச்எக்ஸ்711 சிப் நொடிக்கு 10 முறை அளக்கும்படியோ 80 முறை அளக்கும்படியோ அமைக்கலாம். கடையில் வாங்கும் பலகைகள் பல 10-இல் வைக்கப்பட்டே வருகின்றன.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வளைவை நெருங்கும் கார் நொடிக்கு 10 மீட்டர் போகிறது. நொடிக்கு 10 அளவு என்றால், ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையில் கார் 1 மீட்டர் கடந்துவிடும். கை இழுத்ததைச் சிப் அறிவதற்குள் திருப்பம் தவறிவிடும். 80 அளவு என்றால் அந்த இடைவெளி 12.5 சென்டிமீட்டர்தான். விளையாட்டு நொடிக்கு 60 படம் காட்டுகிறது என்றால், ஒவ்வொரு படத்துக்கும் புதிய அளவு ஒன்று தயாராக இருக்கும். சிப்பில் வேகத்தைத் தீர்மானிக்கும் காலைத் தரையிணைப்பிலிருந்து விடுவித்து மின்வழங்கலோடு இணைப்பதுதான் இதற்குச் செய்ய வேண்டியது. தராசு வேலைக்கும் பந்தய வேலைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கம்பியில் இருக்கிறது.

கைக்கு ஏற்ற கனம்

லோட் செல் கல்லைப்போல் விறைப்பானது. லீவரை நேராக அதில் மோதவிட்டால் கைக்குச் சுவரைத் தள்ளும் உணர்வே வரும். அதற்காகத்தான் இடையில் ரப்பர் புஷ். ஸ்பிரிங்கில் நகர்வும் விசையும் ஒரே விகிதத்தில் ஏறும். 1678-இல் ராபர்ட் ஹூக் அச்சிட்ட விதி அது. ரப்பர் அந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படாது. அழுத்த அழுத்த, அதன் எதிர்ப்பு வேகமாகக் கூடும். ஷூ டிரம்மைத் தொட்ட பிறகு கனம் மட்டும் ஏறுகிறது என்று பார்த்தோமே, அந்த உணர்வுக்கு ரப்பர் நெருங்கி வருகிறது. தொடக்கத்தில் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் பின்னால் கனமான ரப்பரும் வைத்தால் இரண்டு கட்டங்களும் கைக்குக் கிடைக்கும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். லோட் செல்கள் பெரும்பாலும் தம் கொள்ளளவைப் போல ஒன்றரை மடங்கு வரை தாங்கும். நம் அமைப்பில் அது 75 கிலோ, அதாவது கையில் 25 கிலோ. பந்தய வேகத்தில் கை அதைத் தாண்டிவிடும். தாண்டினால் கட்டை நிரந்தரமாக வளைந்துவிடும். அதனால் ரப்பர் ஓரளவு அமுங்கியதும் லீவர் போய் முட்டி நிற்க ஒரு தடுப்பு போல்ட் கட்டாயம். அடுத்தது, இழுக்கும் விசைக்கு ஈடாக அடித்தளம் நிற்க வேண்டும். லேசான மேசையில் கிளாம்ப் போட்டால் மேசைதான் நகரும். இருக்கையோடு சேர்ந்த இரும்புச் சட்டத்தில் முடுக்குவதே முறை. கடைசியாக, வியாபாரத்தில் இருக்கும் தராசைத் திறக்காதீர்கள். அது அரசு முத்திரை பெற்ற கருவி. முத்திரை உடைந்தால் அந்தத் தராசில் நிறுத்து விற்கக் கூடாது. பயன் முடிந்த பழைய தராசு போதும். புதிய லோட் செல்லும் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது.

நீங்களும் செய்யுங்கள்

இந்தக் கைபிரேக்கில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை. லீவர், பாலம், திரிபு அளவி, ரப்பர் எல்லாமே பாடப்புத்தகத்தில் இருப்பவை. பாடத்தில் தனித்தனியே படித்தவை ஒரு கருவிக்குள் ஒன்றுசேர்வதைக் கையாலேயே உணர வைப்பதுதான் இதன் சிறப்பு. வெல்டிங் பட்டறைக்காரரிடம் உட்கார்ந்து இரும்பை வெட்டுவதும், சாலிடர் வைப்பதும், நிரல் எழுதுவதும் ஒரே வேலையின் மூன்று பக்கங்கள் என்று ஒரு மாணவர் புரிந்துகொண்டால், செலவழித்த நேரம் வீண் போகாது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைத் தாராளமாகக் கொண்டுபோகலாம்; ஆசிரியர்கள் ஊக்கப்படுத்த வேண்டும்.

பின்சக்கரத்தைப் பூட்டித் திருப்பும் வித்தையை மட்டும் அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். போடிமெட்டுச் சாலையில் கைபிரேக் வண்டியை நிறுத்தி வைக்கவே. இறங்கும்போது கீழ் கியரில் இறங்குங்கள், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.